ரிசேவ் ஒபிசர் வந்து பார்த்த வீடு

எங்கள் பகுதியில் 'ரிசேவ்' என்றால் ஒரே அர்த்தம்தான். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ரயில்வே தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் நிலம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் அந்த நிலத்தில் பதின்மூன்று வீடுகள் இருக்கின்றன. ஏழாவது வீடு என் அக்காவுடையது. நானும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் ஆட்களிடம் விலாசம் கேட்டால் தெருப் பெயர் வராது, ஏனென்றால் தெரு கிடையாது. "ரிசேவ்ல இருக்கோம்" என்பார்கள். தபால்காரர்கூட அதை ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொள்ளாதது ரயில்வே மட்டும்தான்.

அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலம்வரை, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, ஒரே ஒரு அறை, இருந்தது. வேலையை விட்டதும் அதைத் திருப்பிக் கேட்டார்கள். தோட்டத்து மண்ணில் ஒரு கல்லை நட்டாலும் தடுப்பதற்கு ஒரு உத்தியோகத்தர் வந்து நிற்பார். தண்டவாளத்து ஓரத்தில் அப்படி வந்து நிற்க ஆளில்லை. ரயில் மட்டும்தான் வரும், அதுவும் நேரத்துக்கு வராது. இப்படித்தான் தகரமும் பலகையுமாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீமெந்துக் கல்லாக மாறி, அந்த வீடு எழுந்தது. அத்தான் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். அக்கா காலையில் வடை சுடுவாள். ரயிலில் ஏறி விற்கும் இரண்டு பேர் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். எல்லவுக்குச் சுற்றுலா போகும் வெளிநாட்டுக்காரர்கள் ரயில் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறார்களே, அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் எங்கள் வீட்டு வடை.

இரண்டு வருடங்களுக்கு முன் நில அளவைக்காரர்கள் வந்து, சுவர்களில் சிவப்பு மையால் ஒன்று முதல் பதின்மூன்றுவரை இலக்கம் போட்டுவிட்டுப் போனார்கள். முதலில் எங்கள் ஆட்களுக்குப் பெருமையாகவே இருந்தது. வீட்டுக்கு நம்பர் வந்துவிட்டது அல்லவா? கரண்ட் தரத்தான் இந்த இலக்கம் என்று மூன்றாம் வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். பிறகு கடிதம் வந்தது. அனுமதியின்றிக் கட்டிய கட்டடங்கள் அகற்றப்படும் என்று மூன்று மொழியிலும் இருந்தது. தமிழில் மட்டும் 'அகற்றப்படும்' என்ற சொல்லில் ஒரு எழுத்துப் பிழை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற டீச்சர், அதனால் முதலில் என் கண்ணில் பட்டது பிழைதான். அக்கா கடிதத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

இந்த நிலையில்தான் வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார்.

ஹட்டனுக்கு மேலே ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். அதன் மெனேஜர் என்னோடு படித்தவர். ஆகஸ்ட் விடுமுறையில் ஒருநாள் போன் எடுத்தார். வயதான ஆங்கிலேயர் ஒருவர் மூன்று வாரம் தங்கப் போகிறாராம். அவரோடு தண்டவாள ஓரமாக நடந்து போய்ப் பேச்சை மொழிபெயர்க்க வேண்டும், அவர் சொல்லச் சொல்ல அவருடைய வாழ்க்கைக் கதையைத் தட்டச்சு செய்ய வேண்டும். "ஒன்ன மாதிரி இங்கிலீசு பேசுற ஆளு ஹட்டன்ல வேற யாரு இருக்கா?" என்றார். இந்த மாதிரிப் பேச்சுக்கு நான் எப்போதும் விழுந்துவிடுவேன். அன்றும் விழுந்தேன்.

எழுபது தாண்டிய உயரமான மனிதர். முழங்கால் வலி. தலையில் துணித்தொப்பி, சட்டைப் பையில் ஒரு குறிப்புப் புத்தகம், கால்சட்டைப் பையில் ஒரு அளவு நாடா. பயணம் வருகிற மனிதன் அளவு நாடாவை எதற்குக் கொண்டு வருகிறான் என்று நினைத்தேன். முதல் நாளே ஒரு தாளைக் கையில் கொடுத்தார். அவருடைய வாழ்க்கை ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தது. தலைப்பில் இரண்டு வரி: ஓய்வுபெற்ற ரயில்வே மெனேஜர். ஓய்வுபெற்ற ரிசேவ் ஒபிசர்.

மீதியை ஹோட்டல் விறாந்தையில் உட்கார்ந்து அவர் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பதினேழு வயதில் பார்சல் ஒபிசில் சேர்ந்தார். பொதிகளுக்கு லேபல் ஒட்டினார். பிறகு ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு மாஸ்டர், பிறகு நேர அட்டவணை போடுகிற பிரிவு, பிறகு ஒரு பிராந்தியத்துக்கே மெனேஜர். எந்தப் பாலத்துக்கு எந்த ஆண்டு சாயம் பூசினார்கள் என்பதுவரை அவருக்கு நினைவிருந்தது. மனைவி எந்த ஆண்டு இறந்தார் என்பதைச் சொல்லக் கொஞ்சம் யோசித்தார். கடைசியில் ரயில்வேயைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனியாருக்கு விற்றபோது, அவருடைய நாற்காலி எந்தத் துண்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்து அனுப்பி வைத்தார்களாம். அது நாளைக்கு நான்கு நிமிடம் பிந்தும் என்றார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

இராணுவக் கதை இதைவிட மேல். அவர்கள் நாட்டில், வாரநாளில் ஒபிசுக்குப் போகிறவர்கள் சனி ஞாயிறுகளில் சீருடை போட்டுக்கொண்டு பயிற்சி எடுக்கலாமாம். யுத்தம் வந்தால் கூப்பிடுவார்கள். வராவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் ஒபிஸ். அதற்குப் பெயர்தான் ரிசேவ், அதாவது இருப்பில் வைத்திருக்கும் படை. இவர் அப்படி முப்பது வருடம் இருப்பில் இருந்து மேஜர் ஆனவர். பீரங்கி வண்டிகளை ரயிலில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஒரு இரகசிய அட்டவணை எழுதி இரும்புப் பெட்டியில் வைத்திருந்தாராம். ஒவ்வொரு வருடமும் அதை எடுத்துத் திருத்துவார். யுத்தம் வரவே இல்லை. "என் வாழ்க்கையில் ஒரு ரயில்கூடப் பிந்தாத அட்டவணை அது ஒன்றுதான்" என்றார். மூன்று நாள் தட்டச்சு செய்தபிறகு எனக்கு அவர்மேல் ஒரு இரக்கம் வந்தது. எல்லாவற்றுக்கும் தயாராக இருந்த ஒரு மனிதனை யாரும் ஒன்றுக்கும் கூப்பிடவில்லை.

நான்காம் நாள் தண்டவாள ஓரமாக நடந்தோம். நடக்கும் வழியெல்லாம் சிலிப்பர் கட்டைகளைத் தட்டிப் பார்த்தார், தண்ணீர் ஓடும் காண்களில் அடைப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், யாரும் கேட்காமலேயே தலையை ஆட்டிக்கொண்டார். எங்கள் வீட்டு வாசலில் அக்கா உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாருடி இவரு?" என்றாள்.

"நான் சொன்னேனே, அந்த வெள்ளக்காரத் தொர. ரயில்வே மெனேஜரா இருந்தவரு."

"வேற என்னவா இருந்தாரு?"

"ரிசேவ் ஒபிசரு."

நான் சொன்னதில் ஒரு பொய் இல்லை. ஆனால் அக்கா உளுந்தை அப்படியே விட்டு எழுந்துவிட்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "ரிசேவ் ஒபிசரா?" என்று மெதுவாகக் கேட்டாள். ரயில்வேயும் ரிசேவும் ஒரே வாயில் வந்தால் எங்கள் ஊரில் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? தண்டவாள ஓரத்து நிலத்துக்குப் பொறுப்பான பெரிய உத்தியோகத்தர் வந்துவிட்டார் என்றுதான் அவள் விளங்கிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அந்த இடத்திலேயே திருத்தியிருக்கலாம். ஏன் திருத்தவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து பதுளை ரயில் வந்தது, பேச்சுக் கேட்கவில்லை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரயில் போய்விட்டது, நான் அப்போதும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு ஆசை இருந்தது. நம் நாட்டு ஒபிசுகளில் பத்து வருடம் தூங்குகிற கோப்புகூட, ஒரு வெள்ளைக்காரர் வந்து பார்த்தார் என்று கேள்விப்பட்டால் கொஞ்சம் புரண்டு படுக்கும். அவர்கள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, மரியாதை மட்டும் இன்னும் போகவில்லை. அந்த மரியாதையில் கொஞ்சம் எங்களுக்கும் பயன்படட்டுமே என்று நினைத்தேன்.

மறுநாள் பொழுது விடிவதற்குள் பதின்மூன்று வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. மூன்றாம் வீட்டுக்காரர் அதற்குள் அவரைக் கொழும்பிலிருந்து விசேஷமாக அனுப்பி வைத்ததாக ஆக்கிவிட்டார். வரவேற்பு ஏற்பாடாயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி வந்தது. கீறல் இல்லாத கோப்பையும் சாசரும் தேடிப் பதினொன்றாம் வீட்டில் கண்டெடுத்தார்கள். செவ்வந்திப் பூவில் மாலை கட்டினார்கள். துரையிடம் நான், "எங்கள் ஆட்கள் உங்களைத் தேநீருக்கு அழைக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். கீழைத்தேயத்து மக்களின் விருந்தோம்பலைப் பற்றித் தான் வாசித்தது சரிதான் என்று அவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

மாலை போட்டு, வடை கொடுத்து, பிளேன்டீ கொடுத்து முடிந்ததும் அக்கா முன்னால் வந்தாள். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"ஐயா, எங்க வீட்ட நீங்களே கண்ணால பாருங்க. பாத்துட்டு நேரா சொல்லிருங்க, நாங்க இங்க இருக்கலாமா, கூடாதா. இந்த நம்பரப் போட்டதுல இருந்து ரெண்டு வருசமா சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கவா வேணாமான்னுகூட தெரியாம இருக்கேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கள் ரயில்வேயில் அனுபவமுள்ளவர் என்பதால், இந்த வீடுகள் இங்கே இருக்கலாமா என்று உங்கள் கருத்தைக் கேட்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த மனிதரின் முதுகு நிமிர்ந்ததை நான் கண்ணால் கண்டேன். மாலையைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டார். அளவு நாடாவை வெளியே எடுத்தார். அதன் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, தண்டவாளத்தில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். என் வீட்டு முன்சுவருக்கு எத்தனை அடி என்று நானே பிடித்து அளக்க உதவினேன். பதினோரு அடி இருந்தது. பிறகு வீட்டுக்குப் பின்னால் ஏறி மண்மேட்டைப் பார்த்தார். முழங்கால் வலியை மறந்துவிட்டார். அந்த நேரம் ஒரு ரயில் வந்தது. கதவில் தொங்கியவர்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள், அலமாரியில் பாத்திரங்கள் கிலுகிலுத்தன. அவர் சுவரில் உள்ளங்கையை வைத்து, கடைசிப் பெட்டி போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அக்காவிடம் சில கேள்விகள் கேட்டார். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், ஸ்டேஷனுக்கு நடந்து போக எவ்வளவு நேரம், இங்குள்ள பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். அக்கா வடை வியாபாரத்தைப் பற்றி விரிவாகச் சொன்னாள். பேச்சுக் கொடுக்கிறார் என்று நினைத்து நான் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "இந்த வீடுகள் இங்கே இருக்கக் கூடாது. இந்தத் தூரத்தில் நான் ஒரு கோழிக்கூட்டைக்கூட அனுமதித்ததில்லை. ஏழாம் வீடுதான் மிகவும் மோசம். பின்னாலிருக்கும் மேடு இன்னும் இரண்டு பெரிய மழையைத் தாங்காது. ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், கேட்டவர்களுக்கு உண்மையைச் சொல்வதுதான் மரியாதை. நான் முறையாக ஒரு அறிக்கையும் எழுதித் தருகிறேன்" என்றார்.

பதின்மூன்று வீட்டு முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அக்காவின் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

"நல்லா பாத்துட்டேங்கிறாரு. கவலப்படாம இருக்கச் சொல்றாரு. முறையா எழுதித் தாரேங்கிறாரு" என்றேன்.

மூன்றில் இரண்டு உண்மை என்று கணக்குப் பார்த்துக்கொண்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். தன்னுடைய கடுமையான தீர்ப்பை இவ்வளவு பக்குவமாக ஏற்றுக்கொள்ளும் மக்களைத் தன் சேவைக் காலத்தில் பார்த்ததே இல்லை என்று வழியில் அவர் வியந்துகொண்டே வந்தார்.

அடுத்த நாள் அந்த அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். முதல் பக்கத்தில் அளவுகள். இரண்டாம் பக்கத்தில் ஆபத்துகள். பதின்மூன்று வீடுகளையும் அகற்ற வேண்டும், ஏழாம் இலக்கத்தை முதலில் அகற்ற வேண்டும். என் வீட்டை இடிக்கச் சொல்லும் வாக்கியத்தில் ஒரு கமா தவறிய இடத்தைக்கூட அவர் சுட்டிக் காட்டினார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கையை எடுத்துவிட்டு, "ஏழாம் இலக்கம் என் அக்காவின் வீடு. நான் அங்கேதான் இருக்கிறேன்" என்றேன்.

அவர் குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, தன் பிராந்தியத்தில் தண்டவாள ஓரத்தில் முட்டைக்கோஸ் தோட்டம் போட்டிருந்தவர்களை அகற்ற வேண்டி வந்த கதையைச் சொன்னார். "மாற்று இடத்தைக் காட்டாமல் நான் ஒரு முட்டைக்கோஸைக்கூடப் பிடுங்கியதில்லை" என்றார். மூன்றாம் பக்கம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அகற்றுவதற்கு முன், அகற்றிய பின் அல்ல, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் பெயரிலேயே உறுதிப் பத்திரம் எழுதிய நிலம் கொடுக்கப்பட வேண்டும். அது ஸ்டேஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகும் தூரத்தில், தண்ணீர் வசதியோடு இருக்க வேண்டும். 'முன்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொன்னார். போட்டேன். இவர் நாட்டில் முட்டைக்கோஸுக்குக் கிடைக்கிற மரியாதைகூட நமக்கில்லை என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு போட்டேன். எங்கள் முன்னோர் கப்பலேறி வந்த நாளிலிருந்து எங்களுக்கு யாரும் உறுதி எழுதித் தந்ததில்லை. இவர் எழுதிவிட்டால் தந்துவிடுவார்களா? அது வெறும் அலங்காரப் பக்கம் என்றுதான் எனக்குப் பட்டது.

கீழே முழுப்பெயர், இரண்டு உத்தியோகம், மேஜர் பதவி எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டார். வெறுமையாக இருக்கிறதே என்று ஹோட்டல் மெனேஜர் தன்னுடைய ரப்பர் ஸ்டாம்பையும் குத்திவிட்டார். அந்த ஸ்டாம்பில் ஒரு கிரீடம் உண்டு.

ஊருக்குப் போகிற அன்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அறிக்கையை இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தார். பிறகு விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அந்த வணக்கத்துக்காக அவர் முப்பது வருடம் காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. அவரை ரயிலேற்றிவிட்டு வந்ததும் அக்கா தாளை நீட்டி, "என்ன எழுதியிருக்கு?" என்றாள்.

"நல்லதுதான் எழுதியிருக்கு."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் டவுனுக்குப் போய் மூன்று பக்கத்தையும் லெமினேட் செய்துகொண்டு வந்து, வாசலுக்கு நேரே சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக மாட்டிவிட்டாள். மற்ற வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டுப் போட்டோகொப்பி கேட்டார்கள். ஒரு வாரத்துக்குள் பதின்மூன்று வீடுகளும் தங்களை இடிக்கச் சொல்லும் அறிக்கையைப் பெருமையோடு தொங்கவிட்டிருந்தன. மூன்றாம் வீட்டுக்காரர் பிரேம் போட்டு, பொட்டும் வைத்துவிட்டார். அந்தப் பக்கமெல்லாம் ஆங்கிலம் வாசித்து விளங்குகிற ஒரே ஆள் நான்தான் என்ற பெருமையை அந்த நாட்களில்தான் வெறுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ரயில்வேக்காரர்கள் வந்தார்கள். வயதான உத்தியோகத்தர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "மே மொகக்த?" என்று கேட்டார், இது என்ன என்று. பெரிய ரயில்வே துரை தந்த கடிதம் என்று அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார், கொண்டு வரவில்லை. கீழே இருந்த கையெழுத்தையும் கிரீடத்தையும் தொட்டுப் பார்த்தார். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மேலிடத்தில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். அடுத்த முறை வந்தவர்கள் உள்ளே வரவும் இல்லை. எங்களை இடிக்கச் சொன்ன கடிதமே எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட எனக்கு ஒரு துணை இல்லை.

பிறகு மழை தொடங்கியது. பின்னாலிருந்த மேட்டிலிருந்து ஒரு கூடை மண் சரிந்து அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றது. அக்கா அதை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டிவிட்டு வழக்கம்போல வடை சுட்டாள். மழை நாட்களில் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் ஓடவில்லை. இரண்டு பெரிய மழை என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. வீட்டைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். அக்காவை அந்த மேட்டுக்குக் கீழே உட்கார வைத்தது நான்தான் என்று அப்போது விளங்கியது. தினமும் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வருவேன். அக்கா பிளேன்டீயை நீட்டுவாள், வாங்கிக் குடித்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை மழை விட்டிருந்த நேரத்தில் மூன்றாவது தடவையாக வந்தார்கள். இந்த முறை வந்தவர் இளம் பொறியியலாளர். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று கேள்விப்பட்டதும் அவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். நேராகச் சுவருக்குப் போய், முதல் பக்கத்தை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மிஸ், இதை யாராவது வாசித்தீர்களா? உங்கள் ஆளே இடிக்கத்தான் சொல்லியிருக்கிறார்" என்றார்.

அக்கா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். "என்ன, சிரிக்கிறாரா? ரெண்டாவது பக்கத்துல நிக்கிறாரு போல. மூணாவது பக்கத்தையும் வாசிக்கச் சொல்லு" என்றாள்.

நான் இளைஞரை விட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"லெமினேட் பண்ணப் போனப்ப போட்டோகொப்பிக் கடை முஸ்லிம் நானா முழுசா வாசிச்சுச் சொன்னாரு. நீ அன்னைக்கு வாசல்ல சொன்னதும் பொய், அப்புறமா சொன்னதும் பொய்னு எனக்கு அப்பவே தெரியும். ரிசேவ் ஒபிசருன்னா என்னன்னும் அவருதான் சொன்னாரு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"தெரிஞ்சுமா மாட்டி வச்ச?"

"போ, போன்னு சொன்ன காகிதம் ஆயிரம் வந்திருக்கு. எடத்தக் குடுத்துட்டுப் போகச் சொல்லுன்னு எழுதுன காகிதம் இது ஒண்ணுதான். வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வரட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

இளைஞர் மூன்றாம் பக்கத்தை வாய்விட்டு வாசிக்கவில்லை. கோடு போட்டிருந்த சொல்லில் விரல் வைத்து இரண்டு தடவை வாசித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மனிதருக்கு இங்கே எந்த அதிகாரமும் இல்லை, தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன். வெளியே போய் மேட்டைப் பார்த்தார், அடுப்படிச் சுவரில் கை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து கோப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, கடைசியில் 'மாற்று இடம்' என்று போட்டுக் காலியாக இருந்த ஒரு கட்டத்தைக் காட்டினார். அதை யாரும் நிரப்புவதில்லை என்றார். நிரப்பினாலும் கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆனாலும் பேனாவைத் திறந்துகொண்டு, என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். "எந்தப் பக்கத்துல எடம் வேணும்னு கேக்குறாரு."

அக்கா கையை மறுபடியும் சேலையில் துடைத்தாள். கேள்வி விளங்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். அவள் அந்த இளைஞரைப் பார்த்தாள், திறந்திருந்த பேனாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நெசமாவே அவரு கேக்குறாரா," என்றாள், "இல்ல, நீயாச் சொல்றியா?"